ஆர்கான் வெல்டிங்கில் ஹெட்டர்: பைப்புக்குள் எட்டிப் பார்த்தீர்களா?

எஞ்சின் ஹெட்டிலிருந்து புகையை வாங்கி, தனித்தனிப் பைப்புகளை ஒன்றாகச் சேர்த்து, சைலன்சருக்குக் கொண்டுபோகும் பாகத்தைக் கார்க்காரர்கள் ஹெட்டர் என்கிறார்கள். பைக்காரர்களுக்கு அது பெண்ட் பைப். அதை வீட்டு ஷெட்டிலேயே, உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து ஆர்கான் கேஸால் காக்கும் டிக் வெல்டிங்கில், பட்டறைப் பேச்சில் சொன்னால் ஆர்கான் வெல்டிங்கில், செய்துபார்க்க விரும்பும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

*ஆர்க் வெல்டிங் ஓரளவு கைவரும். 200 ஆம்பியர் இன்வர்ட்டர் டிக் மெஷின் வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டு சிங்கிள் ஃபேஸ் தாங்குமா? ஏசி/டிசி இரண்டும் உள்ள மெஷின்தான் வேண்டுமா?*
— திருப்பூர் வாசகர்

டிசி போதும். ஏசி அலுமினியத்துக்கு, ஹெட்டரை எஸ்எஸ்ஸிலோ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எம்எஸ்ஸிலோதான் (மைல்டு ஸ்டீல், சாதா இரும்பு) செய்யப்போகிறீர்கள். மிச்சமாகும் பணத்தை, தொடாமலே ஆர்க்கைப் பற்றவைக்கும் ஹெச்எஃப் ஸ்டார்ட்டுக்கும், கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடல் மாட்டும் சாக்கெட்டுக்கும் செலவிடுங்கள். டங்ஸ்டனை உலோகத்தில் உரசிப் பற்றவைக்கும் மலிவு மெஷின்களில் ஒவ்வொரு தொடக்கத்திலும் முனை கெட வாய்ப்பு உண்டு. பெடல் கட்டுப்படியாகாவிட்டால், முடிக்கும்போது கரண்டைப் படிப்படியாக இறக்கும் டவுன்ஸ்லோப்பும், ஆர்க் நின்ற பிறகும் கேஸ் விடும் போஸ்ட் ஃப்ளோவும் அவசியம் இருக்க வேண்டும். இவை இல்லாத மெஷின் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் ஹெட்டர் வேலைக்கு வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றிய பயம் பாதிதான் உண்மை. டிக் ஆர்க்கின் வோல்டேஜைக் கணக்கிட 10 உடன் ஆம்பியரின் 0.04 மடங்கைக் கூட்டினால் போதும். 60 ஆம்பியரில் அது 12.4 வோல்ட், ஆர்க்கில் செலவாவது முக்கால் கிலோவாட். மெஷினின் இழப்பையும் சேர்த்தாலும் நல்ல எர்த் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட் தாராளமாகத் தாங்கும். ஆனால் 200 ஆம்பியர் முழுவதையும் திறந்தால் ஆர்க்கிலேயே 3.6 கிலோவாட், மெயினில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தடித்த ஃபிளாஞ்ச் (எஞ்சின் ஹெட்டில் போல்ட் போட்டுப் பூட்டும் தகடு) வேலைக்கு அந்தப் பக்கம் போவீர்கள் என்றால் 6 சதுர மி.மீ. காப்பர் வயரில் தனி லைன், 32 ஆம்பியர் சி-வகை எம்சிபி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஆர்க் வெல்டிங்கில் ஹோல்டரைப் பாசிட்டிவில் மாட்டிப் பழகிய கை, டிக் டார்ச்சையும் அங்கேயே மாட்டும். டார்ச் நெகட்டிவில்தான் இருக்க வேண்டும். மாறிப்போனால் சில நொடியிலேயே டங்ஸ்டன் முனை உருகிக் குண்டாகத் திரண்டுவிடும். மெஷினைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

*கைப்பிடிக் கம்பி செய்யும் கடையில் பளபளவென்று எஸ்எஸ் பைப் கிடைக்கிறது. “304 தான், காந்தம் ஒட்டாது, பாருங்கள்” என்கிறார்கள். வாங்கலாமா?*
— சிங்காநல்லூர் வாசகர்

காந்தம் ஒட்டாதது 304 என்பதற்குச் சான்று இல்லை. மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கும் பைப்பில் பெரும்பங்கு 202 கிரேடு. அதுவும் காந்தத்தில் ஒட்டாது. 304இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல். 202இல் 4 முதல் 6 வரைதான். குறையை மாங்கனீஸைக் கொண்டு நிரப்பியிருப்பார்கள். கார்பன் வரம்பும் 202இல் கூடுதல், 0.15 சதவீதம் வரை. கார்பன் கூடினால், வெல்டுக்கு இருபுறமும் சூடேறிய பட்டையில் குரோமியம் கார்பைடாகக் கட்டிக்கொள்ளும். துரு பிடிப்பதும் விரிசல் விடுவதும் அங்கேதான் தொடங்கும். பழைய உலோகம் வாங்குகிறவர்களிடம் மாலி டெஸ்டர் என்று ஒரு சொட்டு மருந்து இருக்கும். ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியை வைத்தால், நிறம் மாறுவதைக் கொண்டு 202ஐப் பிரித்துவிடலாம். மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு வாங்க முடிந்தால் அந்தச் சிரமமும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. கம்பெனியில் இருந்து வரும் கார் எக்ஸாஸ்ட்டுகள் பல 409 கிரேடு. அதில் காந்தம் நன்றாக ஒட்டும். அதனால் அது மட்டம் என்று ஆகிவிடாது.

வளைவுகளுக்குப் பால் பண்ணை, உணவுத் தொழிற்சாலைகளுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். ‘டெய்ரி பெண்ட்’ என்று கேட்டால் 38.1 மி.மீ. வெளிவிட்டம், ஒன்றரை மி.மீ. சுமார் கனம், மைய ஆரம் 57 மி.மீ. கொண்ட 304 பெண்ட் கிடைக்கும். 1.2 முதல் 1.6 லிட்டர் வரை உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இந்த அளவு பொதுவாகச் சரியாக வரும். வாங்கும்போது ‘ஒன்றரை இஞ்ச்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர்ப் பைப் கணக்கில் ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 48.3 மி.மீ. ஆகிவிடும். வெளிவிட்டத்தைச் சொல்லி, வெர்னியரில் அளந்து வாங்குங்கள். டர்போ வைத்த வண்டிக்கு மட்டும் கனமான ஷெட்யூல் 10 பைப். ஒன்றேகால் இஞ்ச்சில் அதன் கனம் 2.77 மி.மீ. டர்போவின் எடை அதில் தொங்கும் என்பதால் அந்தக் கனம் தேவை.

நான்கு சிலிண்டருக்கு 90 டிகிரி பெண்ட் 8 முதல் 12, நேர்ப் பைப் 3 மீட்டர், டிக் கம்பி அரைக் கிலோ. 1.6 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் ஏறத்தாழ 16 கிராம். அரைக் கிலோவில் 31 கம்பி வரும், பயிற்சிக்கும் சேர்த்துப் போதும். 304க்கு இஆர் 308எல். எஸ்எஸ் பைப்பை எம்எஸ் ஃபிளாஞ்சில் சேர்க்க இஆர் 309எல். முழுக்க எம்எஸ் என்றால் இஆர் 70எஸ்-2. ஜிஐ பைப் பக்கமே போக வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொடுக்கும், வெல்டையும் பொத்தலாக்கும்.

*வெளியே பார்த்தால் வெல்டு தங்க நிறத்தில் அழகாக இருக்கிறது. பைப்புக்குள் விரலை விட்டால் கறுத்து, கரகரவென்று பொரிந்துபோயிருக்கிறது. என்ன தவறு?*
— சேலம் வாசகர்

உள்ளே ஆர்கான் விடவில்லை, அவ்வளவுதான். ஹெட்டர் வேலையில் பாதி இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. வெளியே அழகாகத் தெரியும் வெல்டைப் படமெடுத்துப் போடுகிறவர்கள் உள்பக்கத்தைக் காட்டினால் நிலவரம் வேறாக இருக்கும்.

டார்ச்சிலிருந்து வரும் கேஸ் மேல்பக்கத்தை மட்டுமே காக்கிறது. முழு ஆழத்துக்கு உருகிய எஸ்எஸ்ஸின் அடிப்பக்கம் வெறும் காற்றில் நிற்கிறது. குரோமியம் அந்தச் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து கரடுமுரடான கறுப்புப் பொருக்காகிவிடும். இதனால் மூன்று கெடுதல்: புகை ஓட்டத்துக்குத் தடை, பொருக்கின் அடியில் இருக்கும் பள்ளங்களிலிருந்து விரிசல் கிளம்பும், உதிர்ந்த துணுக்கு டர்போவின் இறக்கையிலோ புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலோ போய் அடிக்கும். கறுத்தபின் திருத்த வழியில்லை, வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

செய்முறை இது. பைப்பின் இரு வாயையும் அலுமினியம் ஃபாயில் டேப்பால் மூடுங்கள். கீழ்ப்பக்க வாயில் கேஸ் ஹோஸை நுழையுங்கள், மேல்வாயில் 3 மி.மீ. அளவில் ஓட்டை விடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனமானது. கீழிருந்து நிரம்பிக் காற்றை மேலே தள்ளும். தலைகீழாக வைத்தால் இரண்டும் கலந்துகொண்டே இருக்கும். இணைப்பின் இடைவெளியையும் டேப் சுற்றி மூடி, வெல்டு போகப்போக முன்னால் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரியுங்கள்.

எவ்வளவு நேரம்? 38.1 மி.மீ. பைப் ஒரு மீட்டரில் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் காற்று. உள்கொள்ளளவைப் போல் பத்து மடங்கு கேஸ் உள்ளே போனால் போதும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் ஒரு தனிப் பைப்புக்கு ஒன்றரை நிமிடம். நான்கு பைப்பும், அவை ஒன்றுசேரும் கலெக்டரும் சேர்ந்த முழு ஹெட்டருக்கு ஏழெட்டு நிமிடம் காத்திருங்கள். பிறகு 4 அல்லது 5 லிட்டருக்குக் குறைத்து வெல்டிங்கைத் தொடங்குங்கள். குறைக்காமல் விட்டால், வளையம் மூடும் கடைசி அரை இஞ்ச்சில் உள்ளழுத்தம் உருகிய குழம்பை வெளியே ஊதிவிடும். மேல்வாய் ஓட்டையை அடைக்காமல் வைப்பதும் இதற்காகத்தான். ஆர்க்கை நிறுத்திய பிறகும், பைப் ஆறும்வரை ஒரு நிமிடமாவது உள்ளே கேஸ் ஓடட்டும்.

துண்டுகளைப் பிடித்துவைக்கப் புள்ளி புள்ளியாக டாக் அடிக்கும்போதே பர்ஜ், அதாவது உள்ளே விடும் இந்த ஆர்கான், ஓட வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். கறுத்த டாக்கின் மேல் எவ்வளவு நல்ல கேஸில் வெல்டு போட்டாலும் அந்தக் கறுப்பு உள்ளேயே தங்கும். இன்னொரு சிக்கனம் செலவில் முடியும்: ஒரே ஃப்ளோமீட்டரில் ஒய் கனெக்டர் போட்டு டார்ச்சுக்கும் பர்ஜுக்கும் பிரிப்பது. ஹோஸ் எது லேசாக இருக்கிறதோ அதன் வழியே கேஸ் ஓடிவிடும், டார்ச் பட்டினி கிடக்கும். இரட்டை ஃப்ளோமீட்டர் வாங்குங்கள்.

பர்ஜ் செய்ய முடியாத மூலைக்கு உள்ளே தடவும் பர்ஜ் ஃப்ளக்ஸ் பவுடர் உண்டு. அது கண்ணாடிபோல் இறுகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், பின்னால் உதிரும் என்பதால் டர்போ வண்டிக்கு ஆகாது. எம்எஸ் பைப்புக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. முதல் ஹெட்டரை எம்எஸ்ஸில் செய்யுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

*செட்டிங், பயிற்சி இரண்டையும் வரிசையாகச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஹெட்டரில் கை வைக்கலாம்?*
— மதுரை வாசகர்

டங்ஸ்டன் 1.6 மி.மீ., லாந்தனம் கலந்தது: நீல முனை அல்லது தங்க முனை. சிவப்பு முனையில் தோரியம் இருக்கிறது. தீட்டும் தூசி மூச்சில் போவது நல்லதல்ல. முனையை நீளவாக்கில் தீட்டுங்கள், விட்டத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு நீளத்துக்குக் கூம்பு வரட்டும். குறுக்காகத் தீட்டினால் ஆர்க் அலையும். டங்ஸ்டனுக்கென்று ஒரு கல்லை ஒதுக்கிவிடுங்கள்.

கேஸைச் சீராக விடும் கேஸ் லென்ஸ், டார்ச் முனையில் 8ஆம் நம்பர் கப், நிமிடத்துக்கு 8 லிட்டர் சுத்த ஆர்கான். மிக் வெல்டிங்குக்கு விற்கும் சிஓ2 கலவை சிலிண்டர் டங்ஸ்டனைத் தின்றுவிடும். 1.6 மி.மீ. எஸ்எஸ்ஸுக்கு 50–60 ஆம்பியர், 1.2 மி.மீக்கு 35–45. எம்எஸ் என்றால் பத்து ஆம்பியர் கூட்டிக்கொள்ளுங்கள். எம்எஸ் சூட்டை எஸ்எஸ்ஸைவிட மூன்று மடங்கு வேகமாகக் கடத்திவிடும். ஆர்க் நீளம் டங்ஸ்டன் விட்டத்துக்கு மேல் போகக் கூடாது. டார்ச் நிமிர்ந்த நிலையிலிருந்து 15 டிகிரி பின்சாய்வு, கம்பி படுத்தாற்போல்.

முதலில் தகட்டில் கம்பி இல்லாமல் குழம்பை மட்டும் நேராக ஓட்டிப் பழகுங்கள். அகலம் 4–5 மி.மீ. மாறாமல் இருக்க வேண்டும். அடுத்து கம்பியோடு. கம்பியை ஆர்க்கில் காட்டி உருக்கிச் சொட்டவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. குழம்பின் முன்விளிம்பில் தொட்டு எடுங்கள், குழம்பே உருக்கிக்கொள்ளும். எடுத்த கம்பி நுனி கேஸின் நிழலுக்கு வெளியே போகக் கூடாது. போனால் நுனி கறுக்கும்; வெட்டிவிட்டுத் தொடருங்கள். பிறகு இரண்டு தகட்டை முட்டவைத்து, அதன்பின் பைப்போடு பைப். பைப்பில்தான் உண்மையான சிரமம்: ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் டார்ச்சின் கோணம் மாறிக்கொண்டே போக வேண்டும். ஒரே மூச்சில் சுற்ற முயலாதீர்கள். கால்வட்டம் போட்டு நிறுத்தி, பைப்பைத் திருப்பி, எதிர்ப்பக்கக் கால்வட்டம்.

நிறமே மதிப்பெண். வெளிர் மஞ்சளும் தங்கமும் நன்று, நீலம் பரவாயில்லை, சாம்பலும் கறுப்பும் என்றால் சூடு மிஞ்சிவிட்டது அல்லது கேஸ் போதவில்லை. கூடவே, வெல்டு போட்ட துண்டை நீளவாக்கில் அறுத்து, வைஸில் பிடித்து வெல்டின் மேலேயே மடக்குங்கள். உடையாமல் மடிந்து, உள்பக்கம் முழுச்சுற்றும் ஒரு மெல்லிய மேடு தெரிந்தால் ஹெட்டரில் கை வைக்கலாம். பத்துத் துண்டில் எட்டுத் துண்டாவது அப்படி வரட்டும்.

கரண்ட் துடிப்புத் துடிப்பாக ஏறி இறங்கும் பல்ஸ் வசதி இருந்தால் நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு பல்ஸ், உச்சம் 75 ஆம்பியர், அடிநிலை அதில் கால்பங்கு என்று வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை கம்பியைத் தொடுங்கள். கைக்கு ஒரு தாளம் கிடைக்கும்.

*வெல்டில் ஊசிக் குத்தாகத் துளைகள். கேஸ் சிலிண்டரை மாற்றியும் போகவில்லை.*
— ஓசூர் வாசகர்

மேலே ஃபேன் ஓடுகிறதா? சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமைதான், ஆனாலும் நிறுத்துங்கள். கேஸ் விலகுவதற்கு லேசான காற்றே போதும். அதிகாலையில் வேலை செய்வது உடம்புக்கும் வெல்டுக்கும் நல்லது.

ஃபேன் இல்லை என்றால் ஃப்ளோவைப் பாருங்கள். துளை வந்ததும் கேஸைக் கூட்டுவார்கள். 15 லிட்டருக்கு மேல் சிறிய கப்பில் விட்டால் கேஸ் சுழித்துக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், துளை இன்னும் கூடும். அடுத்து ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர், டார்ச்சின் பின்மூடி ஓ-ரிங், கடைசியாக அழுக்கு. பெண்ட் வளைக்கும்போது போட்ட எண்ணெய் உள்சுவரிலும் இருக்கும்; அசிட்டோனால் உள்ளும் புறமும் துடைத்து உலரவிடுங்கள்.

*வளைவுகளைப் பை-கட் போட்டு, அதாவது சாய்வாக வெட்டிய சிறு துண்டுகளைச் சேர்த்து, செய்தால் பார்க்க நன்றாக இருக்கிறதே? வெட்டும் கணக்கு என்ன?*
— அம்பத்தூர் வாசகர்

கணக்கு எளிது. மொத்தக் கோணத்தை இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுங்கள். கிடைப்பதில் பாதி ஒவ்வொரு வெட்டின் சாய்வு. 90 டிகிரியை 6 இணைப்பில் முடித்தால் இணைப்புக்கு 15, வெட்டுக்கு 7.5 டிகிரி. ஆனால் 38.1 மி.மீ. பைப்பின் சுற்றளவு 120 மி.மீ.; ஆறு இணைப்புக்கு 72 செ.மீ. வெல்டு. ரெடிமேட் பெண்டில் இரண்டே இணைப்பு, 24 செ.மீ. மூன்று மடங்கு வேலை, மூன்று மடங்கு கோணல், மூன்று மடங்கு விரிசல் வாய்ப்பு. ஹெட்டருக்குப் பை-கட் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. சைலன்சர் பக்கம் இடுக்கில் வேறு வழியில்லாதபோது மட்டும் போடுங்கள்.

எப்படி வெட்டினாலும் இடைவெளி கூடாது. இரண்டு துண்டையும் முட்டவைத்து, பின்னால் செல்போன் லைட் பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் திரும்ப ராவுங்கள். 1.6 மி.மீ. பைப்பில் ஒரு மி.மீ. இடைவெளியைக் கம்பியால் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். நிரம்பும்போது பைப் அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும், நாலாவது பைப் கலெக்டருக்குள் நுழையாது. வெட்டுக்கோட்டைக் குறிக்கப் பைப்பில் ஹோஸ் கிளிப் மாட்டி அதன் ஓரமாக மார்க்கர் ஓட்டுங்கள். ஏஜி-4 கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீல் போதும். எம்எஸ் அறுத்த வீலால் எஸ்எஸ்ஸை அறுத்தால் இரும்புத் துகள் பதிந்து பிற்பாடு துருப்புள்ளி வரும். உள்பிசிறை அரத்தால் எடுத்த பிறகே டாக்: 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு, ஒவ்வொன்றும் 2 மி.மீக்கு மிகாமல்.

*ஃபிளாஞ்சை வெல்டு செய்து கழற்றினால் வாழைக்காய்போல் வளைந்து நிற்கிறது.*
— கரூர் வாசகர்

வெல்டு எல்லாம் ஒரே பக்கம். ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்குகிறது. கனம் 6 மி.மீக்குக் குறைந்த ஃபிளாஞ்சைத் தவிருங்கள், 10 மி.மீ. நல்லது. கேஸ்கெட்டை ஸ்கேன் செய்து லேசர் கட்டிங் கடையில் கொடுத்தால் ஒரு நாள் வேலை. வெல்டு செய்யும்போது ஸ்கிராப்பில் வாங்கிய அதே மாடல் சிலிண்டர் ஹெட்டிலோ, 20 மி.மீ. இரும்புப் பிளேட்டிலோ எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பூட்டுங்கள். ஓடும் வண்டியின் ஹெட்டில் வைத்து முழு வெல்டு செய்யாதீர்கள். டாக் மட்டும் அங்கே, அதுவும் பேட்டரியின் இரண்டு முனையையும் ஈசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்) பிளக்கையும் கழற்றிவிட்டு. ஹெச்எஃப் ஸ்டார்ட் ஈசியுவுக்கு ஆகாது.

பைப் 1.6, ஃபிளாஞ்ச் 10 மி.மீ. இந்த வித்தியாசத்தில் ஆர்க்கை மூட்டில் காட்டினால் பைப் ஓட்டையாகும், ஃபிளாஞ்ச் உருகவே உருகாது. 90–110 ஆம்பியரில் ஃபிளாஞ்ச் பக்கமே மூன்றில் இரண்டு பங்கு காட்டி, குழம்பு அங்கே உருவான பிறகு பைப் விளிம்புக்கு இழுத்து வாருங்கள். முதல் பைப்பில் கால்வட்டம், பிறகு நான்காவதில், பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று தாண்டித் தாண்டிப் போடுங்கள். கை வைக்கும் சூட்டுக்கு ஆறும்வரை போல்ட்டைத் தொட வேண்டாம். எல்லாம் முடிந்ததும் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் விடுங்கள், 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் மில்லிங் பட்டறையில் முகத்தை ஒருமுறை சீவிவிடுங்கள். அந்தச் சீவலுக்காகவே அரை மி.மீ. கூடுதல் கனம் வைத்து வெட்டச் சொல்லுவது உத்தமம்.

*கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டும் நண்பருக்கு ஹெட்டர் செய்கிறேன். பைப் நீளத்தை எப்படி முடிவு செய்வது? நாலு-ஒன்றா, நாலு-இரண்டு-ஒன்றா? மாருதி 800க்கும் இதே கணக்குதானா?*
— பொள்ளாச்சி வாசகர்

தொடக்கக் கணக்கு ஒன்று பரவலாகப் புழங்குகிறது. எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டனின் அடிமட்டத்துக்கு எத்தனை டிகிரி முன்பே திறக்கிறதோ அதோடு 180ஐக் கூட்டுங்கள். 850ஆல் பெருக்கி, உச்ச பவர் வேண்டிய ஆர்பிஎம்மால் வகுத்து, 3ஐக் கழித்தால் இஞ்ச்சில் நீளம். 60 டிகிரி முன்பே திறக்கும் கேம், 6,500 ஆர்பிஎம் என்றால் 28.4 இஞ்ச், அதாவது 72 செ.மீ. நாலு பைப்பும் நேரே ஒன்றாகச் சேர்வது நாலு-ஒன்று; இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது நாலு-இரண்டு-ஒன்று. பின்னதில், ஹெட்டிலிருந்து வரும் முதல்கட்டப் பைப்பும் ஜோடி சேர்ந்தபின் வரும் இரண்டாம்கட்டப் பைப்பும் சேர்ந்து இந்த நீளம். ஆர்பிஎம்மைக் கூட்டினால் நீளம் குறையும்.

நீளத்தைப் பைப்பின் மையக்கோட்டில் அளக்க வேண்டும். 57 மி.மீ. ஆரமுள்ள 90 டிகிரி பெண்டின் மையக்கோடு 89.5 மி.மீ., 45 டிகிரிக்கு 45 மி.மீ. துண்டு துண்டாகக் கூட்டுங்கள். நான்கும் ஓர் இஞ்ச்சுக்குள் ஒத்துவந்தால் போதும். மில்லிமீட்டருக்காக மாரடித்து, ஸ்டியரிங் ராடில் இடிக்கும்படி வளைத்துவிடாதீர்கள்.

1-3-4-2 என்று ஃபயர் ஆகும் எஞ்சினில் நாலு-இரண்டு-ஒன்றுக்கு 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் ஜோடி சேருங்கள். ஜோடிக்குள் 360 டிகிரி இடைவெளி கிடைக்கும். நாலு-ஒன்றில் கலெக்டரைச் சுற்றி ஃபயரிங் வரிசையிலேயே பைப்புகள் அமையட்டும். நாலு-ஒன்று மேல் ஆர்பிஎம்முக்கு, மற்றது நடு ஆர்பிஎம் இழுவைக்கு. வளைவு அதிகமுள்ள சிறிய சர்க்யூட்டில் நடு இழுவையே பெரும்பாலும் கைகொடுக்கும்.

மாருதி 800 மூன்று சிலிண்டர். 240 டிகிரிக்கு ஒருமுறை சீராக ஃபயர் ஆகும். மூன்று-ஒன்று போட்டால் முடிந்தது, ஜோடிப் பிரச்சினையே இல்லை. முதல் ஹெட்டருக்கு இதைவிட நல்ல எஞ்சின் சொல்ல முடியாது. அதையும்விட எளிது ஒற்றைச் சிலிண்டர் பைக்கின் பெண்ட் பைப்.

கலெக்டரில் ஓர் எச்சரிக்கை: பைப்புகள் நடுவில் சந்திக்கும் கூர்முனையை, வெளிச்சுற்றை மூடுவதற்கு முன்பே உள்ளிருந்து வெல்டு செய்துவிடுங்கள். மூடிய பிறகு டார்ச் நுழையாது. வெல்டு செய்யாமல் விட்ட அந்த இடுக்கு வழியாகப் புகை கசியும்.

*செய்து மாட்டிய ஹெட்டர் இரண்டே மாதத்தில் ஃபிளாஞ்ச் ஓரத்தில் விரிந்துவிட்டது. மறுபடி வெல்டு அடித்தால் அதன் பக்கத்திலேயே விரிகிறது.*
— திருச்சி வாசகர்

வெல்டின் தவறாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் தொங்கலின் தவறு. 80 செ.மீ. நீளமுள்ள 304 பைப், 600 டிகிரி சூடேறினால் 8 மி.மீக்கு மேல் நீளும். எம்எஸ் அதில் முக்கால் பங்குதான் நீளும். நீள இடம் கொடுக்காமல் இரு முனையையும் இறுக்கிப் பூட்டினால் பலவீனமான இடம் விரியும். சைலன்சரின் எடை முழுவதும் ஃபிளாஞ்சில் தொங்கினாலும் அதே கதி. கலெக்டருக்குப் பின்னால் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் பெல்லோஸ் போடுங்கள், கியர்பாக்ஸிலிருந்து ஒரு பிராக்கெட் கொடுத்து எடையைத் தாங்குங்கள். பாடியிலிருந்து பிராக்கெட் கொடுக்காதீர்கள். எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. எஞ்சின் மவுண்ட் ரப்பர் போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வெல்டின் பக்கம் பார்க்க வேண்டியது முடிவுப் புள்ளி. ஆர்க்கைச் சட்டென்று அணைத்தால் நட்சத்திர வடிவில் நுண்விரிசல் உள்ள ஒரு பள்ளம் நிற்கும். மூன்று, நான்கு நொடியில் கரண்டை இறக்கி, கம்பி ஒரு தொடு கூடுதலாகக் கொடுத்து நிரப்பி, போஸ்ட் ஃப்ளோ எட்டுப் பத்து நொடி முடியும்வரை டார்ச்சை நகர்த்தாமல் வைத்திருங்கள். கம்பியே போடாமல் பைப் விளிம்புகளை மட்டும் உருக்கிச் சேர்ப்பதும் ஒரு காரணம். அப்படிச் செய்தால் வெல்டு பைப்பைவிட மெலிந்துபோகும்.

விரிந்த இடத்தில் மேலேயே அடிப்பது வீண். உள்ளே படிந்த கரி குழம்பில் கலந்துவிடும். 30 மி.மீ. துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு வைத்துப் பர்ஜ் செய்து வெல்டு போடுங்கள்.

*வீட்டுக்குள் செய்வதால் பாதுகாப்பு விஷயத்தில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?*
— நாகர்கோவில் வாசகர்

பிரேக் கிளீனருக்கு. குளோரின் கலந்த கிளீனரால் துடைத்த பைப்பில் ஆர்க் அடித்தால், சூட்டிலும் புற ஊதா ஒளியிலும் ஃபாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. அந்த டப்பாவையே ஷெட்டில் வைக்காதீர்கள். அடுத்து ஆர்கான். மணமோ நிறமோ இல்லை, தாழ்ந்த இடத்தில் தேங்கும். சர்வீஸ் குழிக்குள் இறங்கிப் பர்ஜ் வேலை செய்யவே கூடாது. ஷட்டரைப் பாதியாவது திறந்து வைத்து, கீழே காற்று வெளியேற வழி விடுங்கள். எஸ்எஸ் புகையில் ஆறுவலு குரோமியம் உண்டு, அது புற்றுநோய் தரக்கூடியது. பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள். கண்ணுக்கு ஷேட் 10 கறுப்புக் கண்ணாடி. ஆட்டோ டார்க் ஹெல்மெட் வாங்கும்போது டிக்கின் குறைந்த ஆம்பியரிலும் இருளும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாதவை 30 ஆம்பியரில் கண்சிமிட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை. லுங்கியும் செருப்புமாக வேண்டாம். வெல்டு நிறத்தைப் போக்கும் பிக்கிளிங் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கிறது, வீட்டில் அது வேண்டவே வேண்டாம். எஸ்எஸ் பிரஷ் போதும்.

*இந்த ஹெட்டரோடு ரோட்டில் ஓட்டலாமா?*
— வேலூர் வாசகர்

கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஓட்ட முடியாது. ஒலி, புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)இன்படி ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. லைசன்ஸும் மூன்று மாதம் போகும். இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் டிராக்கில் ஓடும் வண்டிக்கு அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பைப்பை வெட்டுங்கள். சில பிரிவுகளில் ஹெட்டர் மாற்றவே அனுமதி இருக்காது.

*வண்டியில் மாட்டுவதற்கு முன் கசிவு பார்ப்பது எப்படி? ஆர்கான் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்?*
— ஈரோடு வாசகர்

ஃபிளாஞ்ச் பக்கம் ரப்பர் ஷீட் வைத்து ஒரு பிளேட்டைப் பூட்டுங்கள். கலெக்டர் வாயில் ரப்பர் அடைப்பான், அதில் ஒரு டியூப் வால்வு. காற்று 0.2 பார், அதற்கு மேல் வேண்டாம். அடைப்பான் தெறித்து முகத்தில் அடிக்கும். வெல்டு முழுக்கச் சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தை மார்க்கரில் வட்டமிடுங்கள். புகையில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சாருக்கு முன்னால் ஒரு குமிழி வந்தாலும் விடாதீர்கள்; வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஈசியு பெட்ரோலைக் கூட்டிவிடும்.

பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர், 7,000 லிட்டர். டார்ச்சுக்கு 8, பர்ஜுக்கு 5 என்றால் நிமிடத்துக்கு 13 லிட்டர். ஒன்பது மணி நேர ஓட்டம். ஒன்றரை கன மீட்டர் சின்னச் சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். எஸ்எஸ் ஹெட்டரின் நடுவில் கேஸ் தீர்ந்து ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், பெரியதையே எடுங்கள். வேலை முடிந்ததும் ஃப்ளோமீட்டரை மட்டும் மூடிவிட்டுப் போகாமல் சிலிண்டர் வால்வையே மூடுங்கள். ஹோஸில் நுண்கசிவு இருந்தால் காலைக்குள் முள் பூஜ்யத்தில் நிற்கும்.